ஏரி வந்தால் பேச்சில்லை

எத்திராஜுக்கு வாய் ஓயாது. விமானத்தின் எஞ்சின் இரண்டும் ஓய்ந்தாலும் அவன் வாய் ஓயாது என்று விமானம் நிறுத்தும் கொட்டகையில் வேலை பார்க்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பறக்கிறவர்களை வைத்துக்கொண்டு எஞ்சின் ஓய்வதைப் பற்றிச் சிரிப்பது அவ்வளவு நல்ல பழக்கம் இல்லை. ஆனாலும் சிரிப்பார்கள்.

ஹில்டா மட்டும் சிரிக்கமாட்டாள். அந்த வாய் ஓய்ந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவள் கேப்டன். எத்திராஜ் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உதவி செய்கிற துணை விமானி. அவர்களுடையது பயணிகளை ஏற்றுகிற விமானம் இல்லை. ஆறு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் பின்னால் இருந்த நாலு இருக்கையையும் பிடுங்கிவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு கேமராவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, ரோடு எங்கே அகலமாகிறது என்று மேலிருந்து படம் எடுத்துக் கொடுப்பதுதான் நிறுவனத்தின் தொழில். நேராக ஒரு கோடு போகவேண்டும், திரும்பவேண்டும், அதை ஒட்டியே இன்னொரு கோடு வரவேண்டும். ஏர் ஓட்டுகிற மாதிரிதான். மாட்டை அதட்டுகிற வேலை கூட இல்லை. கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும்.

அந்தச் சலிப்பில்தான் எத்திராஜ் கதை சொல்வான். கதை என்றால் வேறொன்றும் இல்லை, அவன் வீட்டுக் கதை. ஆவடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்து வீடு. மனைவி சரசா. மகள் நிவேதிதா, வீட்டில் நிவி, யுகேஜி படிக்கிறாள். மாமியார் பூங்காவனம் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையோடு வந்தவர். அந்தப் பத்து நாளைக்கு இன்றுவரை முடிவு தெரியவில்லை. மோட்டார் போட்டால் கரண்ட் போய்விடுவதும், அதற்கு மாடி வீட்டுக்காரரோடு நடக்கிற சண்டையும், சண்டையில் சரசா சொன்ன வார்த்தையும், அந்த வார்த்தைக்காகச் சரசாவோடு பூங்காவனம் பேசாமல் இருந்ததும் ஹில்டாவுக்கு வரிசையாகத் தெரியும். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை.

அவளுடைய வீடு திருமுல்லைவாயிலில், இரண்டாவது மாடியில். அம்மா ஞானம்மாள் இருந்தவரை அங்கேயும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஹில்டா செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய நாள் முழுவதையும் அம்மா கொட்டித் தீர்த்துவிடுவார். அவர் போனபிறகு வீட்டில் பேசுவதற்கு மிக்ஸிதான் பாக்கி. பொருள் கொண்டுவருகிற பையன் 'ஓடிபி சொல்லுங்க மேடம்' என்பான், சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சமாதானம் சொல்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கும்பிடுவாள்; அவரும் கும்பிடுவார். அண்ணன் கனடாவிலிருந்து கூப்பிட்டால் பனியைப் பற்றிப் பேசுவான். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் தள்ளிப் போய்ப் போய் ஒரு கட்டத்தில் அதைப் பற்றிக் கேட்பவர்களும் இல்லாமல் போனார்கள்.

ஆகவே எத்திராஜின் வீடுதான் அவளுக்கும் வீடு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எத்திராஜிடமும்தான். அவன் பேசுவான், இவள் 'ம்' கொட்டுவாள். மிஞ்சிப்போனால் 'அப்புறம்?' என்பாள்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு, அதுவும் ஹில்டா போட்டது. இறங்கும் நேரத்தில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுக் கூடாது என்பது பறக்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான விதி. இந்த உயரத்துக்குக் கீழே வந்தால் வாயை மூடு என்று புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் உயரமானி முள்ளை யார் பார்ப்பது? அதனால் ஹில்டா செம்பரம்பாக்கம் ஏரியை எல்லையாக வைத்துக்கொண்டாள். அவர்களுடைய ஓடுதளம் பூந்தமல்லிக்கு மேற்கே இருந்தது. எந்தப் பக்கம் போய்விட்டு வந்தாலும் ஏரி கண்ணில் படாமல் இறங்க முடியாது. முள்ளைத் தவறவிடலாம், அவ்வளவு பெரிய ஏரியைத் தவறவிட முடியுமா?

"ஏரி வந்தாச்சு" என்பாள். எத்திராஜ் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுவான். பூங்காவனம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாரா இல்லையா என்பது மறுநாள் மேலே ஏறினபிறகுதான் தெரியும். ஹில்டாவுக்கு அந்த மறுநாள் வருவது பெரும்பாடாக இருக்கும். ஆனாலும் சட்டம் சட்டம்தான். இத்தனை வருஷத்தில் ஒருமுறை கூட அவள் அதை மீறியதில்லை, அந்தப் புதன்கிழமை வரை.

அன்று நிவிக்குக் காய்ச்சல். மூன்று நாளாக விடவில்லை. ஆவடி முழுக்க டெங்கு என்று பேசிக்கொண்டிருந்த சமயம். எத்திராஜின் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"நேத்து சாயங்காலம் ஒடம்பு அனலா கொதிக்குது மேடம். மாத்திர குடுத்தா வாந்தி எடுத்துடுறா. சரசா துணிய நனச்சு நனச்சு போட்டுகினே கீறா. எங்க மாமியாரு ஒரு பக்கம் திருஷ்டி சுத்திகினு நிக்குது. எனக்கு இன்னா பண்றதுன்னே புரியல. அப்பால பாத்தா, கொழந்த கண்ண சொருகிகினு..."

ஏரி வந்துவிட்டது.

ஹில்டா பார்த்தாள். எத்திராஜும் பார்த்தான். அவள் சொல்லுமுன் அவனே நிறுத்திக்கொண்டான். குழந்தை கண்ணைச் சொருகிக்கொண்ட இடத்தில் கதை நின்றது. ஹில்டாவின் நெஞ்சு அங்கேயே நின்றது.

அவர்கள் விமானத்தின் சக்கரங்கள் மேலே போனதும் வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும். இறங்கும்போது ஒரு நெம்புகோலைக் கீழே தள்ளினால் வெளியே வரும். மூன்று சக்கரமும் சரியாக நின்றுவிட்டால் மூன்று பச்சை விளக்கு எரியும். கேப்டன் 'கியர் டவுன்' என்பாள். துணை விமானி தள்ளிவிட்டு, விளக்கைப் பார்த்து 'த்ரீ கிரீன்' என்பான். வழக்கமாக ஏரியைத் தாண்டிய கையோடு இதை முடித்துவிடுவார்கள்.

அன்று ஹில்டா வாயெடுக்கும் முன்னால் தரையிலிருந்து ரேடியோவில் குரல் வந்தது. ஓடுதளத்தில் எருமை ஏறியிருக்கிறது, விரட்டிக்கொண்டிருக்கிறோம், ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

மனுஷனுக்கு வரும் ஆபத்து கொம்பு வைத்துக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் அது நம் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எருமையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது பாட்டுக்குப் புல்லுக்கு வந்தது. ஹில்டா விமானத்தை இடப்பக்கம் திருப்பினாள். சுற்றத்தானே போகிறோம், இன்னும் இறங்கவில்லையே என்று மனம் ஒரு சாக்குச் சொன்னது. அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்? குழந்தைக்கு என்ன ஆச்சு?"

எத்திராஜ் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஏரிக்குப் பிறகு கேப்டன் கதை கேட்டு அவன் பார்த்ததில்லை. ஆனால் கேட்டால் சொல்லாமல் இருக்க முடிகிற பிறவியா அவன்?

"தூக்கிகினு ஓடினேன் மேடம். ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தாங்க. ஊசி போட்டாங்க. டெங்கு இல்லன்னு சொன்னதுக்கு அப்பாலதான் எனக்கு உசுரே வந்துச்சு. ஆனா ராவெல்லாம் ஜொரம் மட்டும் விடல. காலைல நான் கெளம்பற வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு..."

"ஓடுதளம் காலி, இறங்கலாம்" என்றது ரேடியோ.

ஹில்டா திருப்பினாள். ஓடுதளம் நேர் எதிரே வந்தது. காற்று சாதுவாக இருந்தது. வேகம் குறைய இறக்கைத் தட்டுகளை விரித்தாள். வேகம் சரி, உயரம் சரி. எல்லாம் எப்போதும் போல இருந்தது.

"எறங்கிடுச்சா?" என்று கேட்டாள்.

"எறங்கிடுச்சு மேடம்" என்றான் எத்திராஜ்.

வேலியோரத்துத் தென்னைமரங்கள் ஜன்னலுக்கு மேலே எழுந்தன. ஹில்டா கடைசியாக எஞ்சின் வேகத்தைக் குறைத்தாள். அந்த நொடியில் விமானத்துக்குள் ஒரு ஊதல் அலறியது.

என்ன ஊதல் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண் தானாகப் போய் விளக்குகளின் மேல் விழுந்தது. மூன்றும் அணைந்து கிடந்தன. சக்கரம் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. கீழே தார், வெகு பக்கத்தில்.

கை முந்திக்கொண்டது. இரண்டு எஞ்சினையும் முழு வேகத்துக்குத் தள்ளினாள். விமானம் உறுமிக்கொண்டு தரையோடு தரையாகப் பாய்ந்து, பிறகு மெதுவாக மூக்கைத் தூக்கியது. அந்தச் சில நொடிகளில் இருவருக்கும் மூச்சு இருந்ததா என்பது அவர்களுக்கே தெரியாது.

மறுபடி சுற்றி வந்தார்கள். "கியர் டவுன்" என்றாள். "டவுன். த்ரீ கிரீன்" என்றான். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இறங்கினார்கள். எருமை வேலிக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் எஞ்சினை நிறுத்தியபிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு மேடம்" என்றான் எத்திராஜ். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் மேலதான் தப்பு. நீங்க சக்கரத்த கேட்டீங்க. நான் ஜொரத்த சொன்னேன். காலைல ஜொரம் எறங்கிடுச்சு, அதான் டக்குனு வாய்ல வந்துடுச்சு" என்றான்.

ஹில்டா அணைந்து கிடந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் பாக்கல மேடம். எரும இருந்துச்சு, இன்னொரு தபா சுத்துனோம்னு நெனச்சுப்பாங்க. உட்டுடலாமா?"

"விட முடியாது எத்திராஜ். எழுதிக் குடுத்துத்தான் ஆகணும்."

அவன் தலையாட்டினான். மறுப்பான் என்று அவள் நினைக்கவும் இல்லை. வாய் நீளமே தவிர அவன் நேர்மையானவன். பைக்கை எடுத்துக்கொண்டு ஆவடிப் பக்கம் போனான். அங்கே ஒரு குழந்தை காய்ச்சல் விட்டு உட்கார்ந்திருக்கும். ஹில்டா ஸ்கூட்டரில் கரையான்சாவடி வந்து, ஒரு கடையில் டீ சொல்லிவிட்டு, டீ ஆறும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்குச் சரியாகிவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்தியது.

பாதுகாப்புப் பொறுப்பை நிறுவனத்தில் ரகுநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய விமானங்கள் ஓட்டி ஓய்ந்தவர். விபத்து என்றால் அவருக்குத் துக்கம். விபத்து ஆகாமல் தப்பிய கதை என்றால் அல்வா. மறுநாள் ஹில்டாவும் எத்திராஜும் அவர் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்கள். சொன்னது பெரும்பாலும் எத்திராஜ்தான். ரகுநாதன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"அட! ஜுரமும் இறங்கும், சக்கரமும் இறங்கும். ஒரே சொல். இங்கிலீஷ்ல பேசியிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது. அருமையான கேஸ் மேடம். வகுப்புல இதைத்தான் சொல்லப் போறேன். காக்பிட்ல தமிழ்ல சக்கரத்தைக் கேக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவே போட்டுடலாம்."

பிறகு எத்திராஜைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா விளக்கைப் பாத்துச் சொல்ல வேண்டியது உன் வேலை தம்பி. கேப்டன் கேட்டாங்க, நீ பாக்காம பதில் சொல்லியிருக்க. உன் பேர்ல ஒரு குறிப்பு ஏறத்தான் செய்யும். கொஞ்ச நாள் பறக்க வேணாம். திரும்பப் பயிற்சி எடுத்துக்க."

"சரி சார்" என்றான் எத்திராஜ். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவனுக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஹில்டா வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். பாரிவாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு பெண்குழந்தை ஸ்வெட்டரோடு தூங்கிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் போகவேண்டிய பக்கம் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனாள்.

ரகுநாதன் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், நான் சக்கரத்தைக் கேக்கல" என்றாள்.

"என்னது?"

"எறங்கிடுச்சான்னு கேட்டேன் இல்ல? ஜுரத்தைத்தான் கேட்டேன். சக்கரம்னு ஒண்ணு இருக்கறதே அப்ப எனக்கு ஞாபகம் இல்ல. அவன் கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொன்னான். அவன் தப்பா எடுத்துக்கிட்டதா அவனே நெனச்சுக்கிட்டு இருக்கான். நானும் நேத்துலேர்ந்து வாயைத் தொறக்கல."

ரகுநாதன் பேனாவை வைத்தார். "ஏரி தாண்டினபிறகா?"

"ஏரி தாண்டித்தான். நிறுத்தின பேச்சை நான்தான் திரும்ப ஆரம்பிச்சேன்."

"நீங்களா? ஏன் மேடம்?"

தூக்கம் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எருமையால் வரிசை குலைந்துவிட்டது என்று சொன்னாலும் பாதி உண்மைதான். அவர் ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார், முகத்திலேயே தெரிந்தது. சக்கரம் இல்லாமல் தரையைத் தொடப் போனதைச் சொல்லும்போது கூட ஹில்டாவுக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை.

"எனக்கு வீட்ல பேச ஆள் இல்ல சார். அவன் சொல்ற கதை ஒண்ணுதான் நான் நாள் முழுக்கக் கேக்கற மனுஷப் பேச்சு. அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எறங்கிட்டா, மறுநாள் வரைக்கும் எனக்குத் தெரியாது. எறங்கினதும் அவன் வீட்டுக்குப் போயிடுவான். அதனால கேட்டேன்."

ரகுநாதன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை நான் எப்படி மேடம் எழுதறது?"

"சொன்ன மாதிரியே எழுதுங்க. தமிழ்ச் சொல்லால வந்ததுன்னு வகுப்புல சொன்னீங்கன்னா எல்லாரும் இங்கிலீஷ்ல பேசிட்டு நிம்மதியா இருப்பாங்க. பேச்சை நிறுத்தமாட்டாங்க."

அவர் யோசித்தார். பிறகு எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். 'இறங்கும் வேளையில் அவசியமில்லாத பேச்சு' என்று இருந்தது. விதிப்படி சரியான வார்த்தைதான். ஹில்டாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவளுக்கு இருந்த அவசியமே அந்த ஒரு பேச்சுதான். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

எத்திராஜின் பேரில் ஏற இருந்த குறிப்பு ஏறவில்லை. ஹில்டாவை ஒரு மாதம் தரையில் நிறுத்தினார்கள். பிறகு ஒரு சோதனைப் பறப்பில் தேறினால் திரும்ப ஓட்டலாம். இனி அவர்கள் இருவரும் சேர்ந்து பறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். எத்திராஜுக்கு லிபின் என்கிற புது கேப்டனைப் போட்டார்கள்.

எத்திராஜ் கொட்டகை வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாத்துக்கு மேடம் போய் சொன்னீங்க? நான் வாங்கிகினு போயிருப்பேன் இல்ல?"

"செய்யாத தப்பை நீ ஏன் வாங்கணும்?"

அவன் எதையோ கேட்க வந்தான். ரகுநாதன் அவனிடம் எவ்வளவு சொல்லியிருந்தாரோ தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாய் திறந்து மூடிக்கொண்டது. "வரேன் மேடம்" என்று போனான்.

அந்த மாதம் எப்படிப் போனது என்று சொன்னால் படிக்கிறவர்களுக்கும் அலுத்துவிடும். ஹில்டா வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தாள். அம்மாவின் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டு மறுபடி மடித்து உள்ளே வைத்தாள். பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, தெரிந்ததையே திரும்பப் படித்தாள். ஆனால் மதியம் ஆனால் போதும், பூங்காவனத்தின் முட்டிவலிக்கு எண்ணெய் கேட்டதா, மாடி வீட்டுக்காரர் மோட்டாருக்குத் தனி லைன் இழுக்கச் சம்மதித்தாரா என்று மனம் ஆவடிக்குப் போய்விடும். யாரிடம் கேட்பது? ஒரு நாள் பொறுத்தாள், இன்னொரு நாள் பொறுத்தாள். கடைசியில் ஒரு காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டில் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கினாள். காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பார்க்கப் போவதில் என்ன தவறு? காய்ச்சல் விட்டு எவ்வளவோ நாளாயிற்று என்பது வேறு விஷயம்.

வழி கேட்கவேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி, நீலக் கேட், வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்த முருங்கைமரம். எல்லாம் சொன்னபடி சொன்ன இடத்தில் இருந்தன. ஹில்டாவுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தவள் சரசாவாகத்தான் இருக்கவேண்டும். கையில் தோசைக் கரண்டி.

"யாரு வோணும்?"

"நான் ஹில்டா. எத்திராஜோட ஆபீஸ்."

"அவரு டூட்டிக்குப் போய்ட்டாரே. இன்னா விஷயம்? எதுனா ஆய்டுச்சா?" சரசாவின் முகம் மாறியது.

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல. சும்மா பாப்பாவப் பாக்கலாம்னுதான். நான் கேப்டன்."

சரசா அவள் தோளுக்குப் பின்னால் எட்டித் தெருவைப் பார்த்தாள்.

"கேப்டன் வந்துகீறாரா? எங்க?"

"நான்தாம்மா கேப்டன்."

"அய்ய! நீங்களா!" சரசா கரண்டியோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "கேப்டன் சொன்னாங்க, கேப்டன் வந்தாங்கன்னுதான் இவரு சொல்வாரு. நான் யாரோ மீசை வெச்ச ஆம்பளன்னு நெனச்சுகினு கீறேன்! உள்ள வாங்க, வாங்க."

உள்ளிருந்து ஒரு குரல், "யார்டீ அது?" என்றது. அது பூங்காவனம். "அவரோட கேப்டன்மா! பொம்பளையாம்!" என்று சரசா பதில் கொடுத்தாள். ஹில்டாவும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பெண் என்கிற சேதி கூட இந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை.

"அவரு ஊட்ல சொல்லுவாரு" என்று சரசா நாற்காலியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டே சொன்னாள், "எங்க கேப்டன் வாயே தொறக்கமாட்டாங்க, நானேதான் பேசிகினு கெடக்கணும், இல்லன்னா மேல தூக்கம் வந்துடும்னு."

ஹில்டாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. தூக்கம் வராமல் இருக்கத்தான் பேசியிருக்கிறான். அதிலும் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

நிவி கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. முன்பல் ஒன்று இல்லை. பல் விழுந்த கதை ஹில்டாவுக்குத் தெரியாது. அவள் இல்லாத மாதத்தில் விழுந்திருக்கும். பிஸ்கட்டை நீட்டினாள். குழந்தை அம்மாவைப் பார்த்தது, அம்மா தலையாட்டியபிறகு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

ஏதாவது பேசவேண்டும். ஹில்டாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"மோட்டார் இப்ப ஓடுதா? மாடில ஒத்துக்கிட்டாங்களா?"

சரசாவின் கை நின்றது. "அதெல்லாம் கூடவா சொல்லிகினு கீறாரு?" குரலில் இருந்த கலகலப்பு போய்விட்டது. "இன்னும் இன்னா இன்னா சொன்னாரு?"

எல்லாமே சொன்னான். சண்டையில் இவள் சொன்ன வார்த்தை, அழுதுகொண்டு தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியது, தாயே இங்கே இருப்பது அப்புறம் ஞாபகம் வந்தது, எல்லாம். அப்போது ஹில்டா அதைக் கேட்டு மேகத்துக்கு நடுவில் உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தப் பெண் எதிரே நிற்கிறாள். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஹில்டாவுக்கு உடம்பு கூசியது.

"வேற ஒண்ணும் இல்லம்மா. மோட்டார் மட்டும்தான்" என்றாள்.

சரசா நம்பினாளா தெரியாது. உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று ஹில்டா பையைத் தேடினாள். அதற்குள் சரசா காபியோடு வந்துவிட்டாள். அவளுக்குக் கோபத்தை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருக்க வராது. அதுவும் ஹில்டாவுக்கு முன்பே தெரியும். டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"எங்க ஊட்டுக் கததான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. உங்க கத சொல்லுங்க. உங்க ஊட்ல யார் யார் கீறாங்க?"

பூங்காவனமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கேட்பதற்கு வசதியாக.

ஹில்டா காபியைக் கீழே வைத்தாள். கடைசியாக இதை யார் கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"நான் மட்டும்தாம்மா" என்றாள்.

சரசா தலையாட்டினாள். பூங்காவனமும் தலையாட்டினார். இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் சரசா.

ஹில்டா வாயைத் திறந்தாள். அதற்கு அப்புறம் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.